விளிம்பில் இருக்கிறது விடை

ஒரு சோதனையுடன் தொடங்குவோம். தட்டு ஒன்றின் நடுவில் சிறிய மெழுகுவர்த்தியை ஒட்டி நிறுத்துங்கள். தட்டில் அரை அங்குல உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, இரு முனைகளும் திறந்த கண்ணாடிக் குழாய் ஒன்றை அதைச் சுற்றி நிறுத்தி வையுங்கள். பழைய சிம்னி விளக்கின் கண்ணாடி கிடைத்தால் மிகவும் நல்லது. குழாயின் அடியைத் தண்ணீர் அடைத்துவிட்டது. மேல்வாய் திறந்துதான் இருக்கிறது. ஆனாலும் சிறிது நேரத்தில் சுடர் மங்கி அணைந்துவிடும்.

இப்போது மெல்லிய தகரத்தை ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவில் வெட்டிக்கொள்ளுங்கள். மெழுகுவர்த்தியை மறுபடியும் கொளுத்தி, குழாயை வைத்து, தகரத்தை அதன் மேல்வாயில் தொங்கவிடுங்கள். தகரம் வாயை இரண்டு பாதியாகப் பிரிக்க வேண்டும்; அதன் அடி சுடரைத் தொடக்கூடாது. இம்முறை சுடர் அணையாமல் எரிகிறது. புகையும் ஊதுபத்தியை மேல்வாயின் அருகே பிடித்தால், ஒரு பாதியில் புகை கீழே இறங்குவதையும் மறு பாதியில் மேலே வெளியேறுவதையும் காணலாம். (தீயுடன் செய்யும் சோதனை இது. பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.)

இரண்டு முறையும் அதே மெழுகுவர்த்தி, அதே காற்று, அதே புவியீர்ப்பு. காற்று இயங்கும் இடத்தின் ஓரத்தில் ஒரு தகரத் துண்டு மட்டும் புதிதாக வந்தது. அவ்வளவில் முடிவு தலைகீழாகிவிட்டது!

ஓரத்துக்கு இத்தனை வலிமையா? ஆம். வெப்பத்தால் காற்றும் நீரும் எண்ணெயும் எப்படி ஓடும் என்று கணிப்பொறியில் கணக்கிடும் விஞ்ஞானிகளும் பொறியியலாரும் இந்த வலிமையை நன்றாக அறிவார்கள். அவர்கள் ‘எல்லை நிபந்தனைகள்’ என்று சொல்வது இந்த ஓரங்களைப் பற்றிய செய்தியைத்தான். அவற்றை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று இக்கட்டுரையில் பார்ப்போம்.

பம்பும் இல்லை, விசிறியும் இல்லை

காற்று சூடானால் விரிவடைகிறது. விரிந்த காற்றின் அடர்த்தி குறைவு. ஆகவே சுற்றிலும் உள்ள கனமான குளிர்ந்த காற்று அதைக் கீழிருந்து தள்ளி மேலே ஏற்றுகிறது. ஏறிய காற்று தன்னுடன் வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. யாரும் விசிறாமல் தானாகவே நடக்கும் இந்த ஓட்டத்துக்கு இயற்கை வெப்பச்சலனம் என்று பெயர்.

தெருமுனையில் நிற்கும் டிரான்ஸ்பார்மரைக் கவனித்திருக்கிறீர்களா? அதன் பக்கங்களில் மீனின் துடுப்புகளைப் போலத் தகடுகளோ வளைந்த குழாய்களோ இருக்கும். டிரான்ஸ்பார்மரின் உள்ளே செம்புக் கம்பிச் சுருள்கள் எண்ணெயில் மூழ்கியிருக்கின்றன. மின்னோட்டத்தால் சுருள்கள் சூடாகின்றன. அவற்றை ஒட்டிய எண்ணெய் சூடாகி மேலே ஏறுகிறது. மேலிருந்து துடுப்புகளுக்குள் புகுந்து, வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துக் குளிர்ந்து, கீழே இறங்கி மறுபடியும் சுருளுக்கு வருகிறது. துடுப்புகளுக்கு வெளியே காற்றும் இதே முறையில் சூடாகி மேலே போகிறது. உள்ளே ஒரு சலனம், வெளியே ஒரு சலனம்!

இந்த ஓட்டத்தைச் சரியாகக் கணக்கிடுவது ஏன் முக்கியம்? செம்புக் கம்பியைச் சுற்றி மின்காப்புக்காகக் காகிதம் சுற்றப்பட்டிருக்கிறது. வெப்பத்தில் அந்தக் காகிதம் மெல்ல மெல்ல நைந்து போகிறது. சாதாரண வகைக் காகிதத்துக்குப் பொறியியலார் கையாளும் விதி இது: மிகச் சூடான இடத்தின் வெப்பநிலை 98 டிகிரி செல்சியசுக்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரி உயரும்போதும் காகிதம் மூப்படையும் வேகம் இரு மடங்காகிறது. கணக்கில் வெறும் 6 டிகிரி பிழை என்றால், 30 ஆண்டு உழைக்கும் என்று நம்பிய காகிதம் 15 ஆண்டில் வலுவிழந்துவிடும்!

வரப்பும் மடையும்

கணிப்பொறி இந்த ஓட்டத்தை எப்படிக் கணக்கிடுகிறது? எண்ணெய் நிறைந்த இடத்தைச் சின்னஞ்சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று கணக்குகளைப் போடுகிறது. உள்ளே வந்த பொருள் எவ்வளவு, வெளியே சென்றது எவ்வளவு என்பது முதல் கணக்கு. விசைகளுக்கேற்ப வேகம் எப்படி மாறுகிறது என்பது இரண்டாவது. வெப்பத்தின் வரவுசெலவு மூன்றாவது. ஒவ்வொரு கட்டமும் தன் அண்டைக் கட்டங்களைக் கேட்டே தன் நிலையை முடிவு செய்கிறது.

நடுவில் உள்ள கட்டத்துக்கு எல்லாப் பக்கமும் அண்டைக் கட்டங்கள் உண்டு. ஓரத்தில் உள்ள கட்டத்துக்கு ஒரு பக்கத்தில் யாரும் இல்லை. அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை நாம்தான் கணிப்பொறிக்குச் சொல்ல வேண்டும்.

இதை ஒரு வயலோடு ஒப்பிடலாம். நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் என்ற விதி எல்லா வயலுக்கும் ஒன்றே. ஆனால் ஒரு குறிப்பிட்ட வயலில் எந்த மூலையில் நீர் தேங்கும், எந்த மூலை காயும் என்பதை வரப்பும் மடையும்தான் முடிவு செய்கின்றன. சமன்பாடுகள் பொதுவானவை, எல்லை நிபந்தனைகளே ஒரு கணக்கை இந்த இடத்தின் கணக்கு என்று ஆக்குகின்றன.

ஓரத்தில் எதைச் சொல்வது?

வெப்பத்தைப் பற்றி ஓரத்தில் மூன்று விதமாகச் சொல்லலாம்.

முதல் விதம், வெப்பநிலையைச் சொல்வது. சுவரின் மறுபக்கத்தில் உருகும் பனிக்கட்டி இருந்தால், அந்தச் சுவர் ஏறத்தாழ 0 டிகிரியிலேயே நிற்கும். எவ்வளவு வெப்பம் வந்தாலும் பனிக்கட்டி உருகுமே தவிர வெப்பநிலை ஏறாது. நீராவி படியும் உலோகத் தட்டும் இப்படித்தான் 100 டிகிரியை ஒட்டி நிற்கும்.

இரண்டாம் விதம், வெப்பப் பாய்வைச் சொல்வது. மின் அடுப்பின் கம்பிச் சுருள் நொடிக்கு இத்தனை ஜூல் வெப்பம் தருகிறது என்பது நமக்குத் தெரியும். அதன் வெப்பநிலை என்ன ஆகும் என்பது சுற்றியுள்ள ஓட்டத்தைப் பொறுத்தது. கனமான பஞ்சுப் பொதியால் மூடிய சுவரும் இந்த வகையே. அங்கே பாய்வு ஏறத்தாழ பூச்சியம்.

மூன்றாம் விதம், இரண்டையும் இணைப்பது. சுவரின் வெப்பநிலைக்கும் வெளிக்காற்றின் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டுக்கு ஏற்ப வெப்பம் வெளியேறும் என்று சொல்வது. பாடத்தில் படித்த நியூட்டனின் குளிர்வு விதிதான் இது. டிரான்ஸ்பார்மரின் எண்ணெயை மட்டும் கணக்கிடும்போது துடுப்பின் வெளிப்பக்கத்துக்கு இது பொருந்தும்.

ஓட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். திடமான சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் பாய்மம் சுவரோடு ஒட்டி அசையாமல் நிற்கும். நாள் முழுதும் சுழலும் மின்விசிறியின் இறக்கையிலும் தூசி படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இறக்கையை ஒட்டிய காற்று இறக்கையுடனேயே சுற்றுவதால்தான் அந்தத் தூசி பறந்து போவதில்லை. ஆனால் குளத்து நீரின் மேற்பரப்பு போன்ற திறந்த பரப்பில் நீர் தடையின்றி வழுக்கிச் செல்லலாம்.

இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது? ஒரே ஒரு கேள்வி போதும்: அந்த ஓரத்தில் இயற்கை எதைப் பிடித்து வைத்திருக்கிறது? வெப்பநிலையையா, பாய்வையா, இரண்டின் உறவையா? இயற்கை பிடித்து வைத்திருப்பதையே நாமும் கணக்கில் பிடித்து வைக்க வேண்டும். மற்றதை விடையாகக் கேட்க வேண்டும்.

டிரான்ஸ்பார்மர் சுருளில் எவ்வளவு மின்னாற்றல் வெப்பமாகிறது என்பது முன்பே தெரியும். அதைக் கொடுக்கலாம். சுருளின் வெப்பநிலை 90 டிகிரி என்று நாமே எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? கண்டுபிடிக்க வேண்டிய விடையை வினாத்தாளிலேயே எழுதிவிட்டோம் என்று ஆகும். கணிப்பொறி மறுக்காமல் கணக்குப் போடும், அழகான வண்ணப் படமும் வரையும், பயன்தான் இராது.

பெனாரின் அறுகோணங்கள்

ஓரத்தைச் சரியாகப் பார்க்காவிட்டால் பேரறிஞர்களும் நீண்ட காலம் வழிமாறிப் போகக்கூடும். விஞ்ஞான வரலாற்றில் இதற்கு ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு.

1900-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு இயற்பியலாளர் ஆன்றி பெனார் ஒரு சோதனை செய்தார். திமிங்கிலத்தின் தலையிலிருந்து கிடைக்கும் ஒரு வகை மெழுகை உருக்கி, நீராவியால் சூடேற்றப்பட்ட சமதளமான உலோகத் தட்டின்மேல் மெல்லிய படலமாகப் பரப்பினார். படலத்தின் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. மேற்பரப்பு காற்றுக்குத் திறந்திருந்தது. சற்று நேரத்தில் படலம் முழுவதும் தேன்கூடு போன்ற அறுகோணக் கட்டங்களாகப் பிரிந்தது! ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் சூடான திரவம் மேலே ஏறி, ஓரங்களில் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

1916-இல் இங்கிலாந்தின் ராலே பிரபு இதற்குக் கணிதத்தால் விளக்கம் தேடினார். நோபல் பரிசு பெற்ற அறிஞர் அவர். அடியில் சூடான திரவம் இலேசாக இருப்பதால் மேலே ஏற முயல்கிறது. திரவத்தின் பாகுநிலை அதைத் தடுக்கிறது. ஏறும் துளி தன் வெப்பத்தைச் சுற்றிலும் இழந்துவிடுவதும் தடையாகிறது. தூண்டும் காரணங்களைத் தடுக்கும் காரணங்களால் வகுத்து வரும் எண்ணே இன்று ‘ராலே எண்’ எனப்படுகிறது. ஆழத்தின் மும்மடி இந்த எண்ணில் வருகிறது. ஆழம் இரு மடங்கானால் ராலே எண் எட்டு மடங்காகும். ராலே எண் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் சலனம் தொடங்கும். அதுவரை வெப்பம் கடத்தலால் மட்டுமே மேலே செல்லும்.

அந்தக் குறிப்பிட்ட அளவு என்ன? இங்கேதான் எல்லை நிபந்தனை வருகிறது. மேலும் கீழும் வழுக்கும் பரப்புகள் என்றும், இரண்டின் வெப்பநிலையும் மாறாதது என்றும் ராலே வைத்துக்கொண்டார். அப்போது கணக்கு எளிதாக முடிகிறது, 657.5 என்ற விடை வருகிறது. பெனாரின் சோதனையில் அடித்தட்டு திடமானது என்பது ராலேக்குத் தெரியாததல்ல. கணக்கு கைக்கு அடங்க வேண்டும் என்பதற்காகவே அவர் எளிய எல்லையை எடுத்துக்கொண்டார்.

இரண்டு பக்கமும் திடமான சுவர் என்றால் விடை என்ன ஆகும்? 1940-இல் பெல்லூ, சவுத்வெல் ஆகியோர் துல்லியமாகக் கணக்கிட்டனர்: ஏறத்தாழ 1708. அடி திடம், மேலே வழுக்கும் பரப்பு என்றால் 1101. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, வானியற்பியலில் உலகப் புகழ் பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் 1961-இல் பாய்மங்களின் நிலைப்பாடு பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். இந்த மூன்று எல்லைகளுக்குமான எண்கள் அதில் துல்லியமாகப் பட்டியலிடப்பட்டுள்ளன.

இத்துடன் முடியவில்லை. இரண்டு பக்கமும் திடமான சுவர்தான். ஆனால் வெப்பநிலைக்குப் பதில் வெப்பப் பாய்வு மாறாதது என்று வைத்தால், அளவு 720-ஆகக் குறைந்துவிடுகிறது. ஓட்டத்தின் வடிவமும் மாறுகிறது. வெப்பநிலை மாறாத சுவர்களுக்கிடையே தொடங்கும் ஓட்டச் சுருள் ஒவ்வொன்றின் அகலமும் ஏறத்தாழ ஆழத்துக்குச் சமம். பாய்வு மாறாத சுவர்களுக்கிடையே சுருள்கள் மிக அகலமாக விரிய முயல்கின்றன. திரவம் ஒன்றே, ஆழம் ஒன்றே. ஓரத்தில் சொன்ன ஒரு வரி மட்டும் வேறு!

தவறான இடத்தில் தேடிய காரணம்

ராலேயின் கோட்பாடு அழகானது; சரியானதும்கூட. ஆனால் பெனாரின் மெல்லிய படலத்துக்கு அது பொருந்தவில்லை. ஏன் என்பதை நாமே ஒரு கணக்கால் காணலாம்.

25 டிகிரி நீரை எடுத்துக்கொள்வோம். ஒரு சென்டிமீட்டர் ஆழமுள்ள நீர் இரண்டு திடமான தட்டுகளுக்கு இடையே இருந்தால், 1708 என்ற அளவை எட்ட மேலுக்கும் கீழுக்கும் இடையே ஏறத்தாழ 0.09 டிகிரி வேறுபாடே போதும். ஆழம் ஒரு மில்லிமீட்டராகக் குறைந்தால்? ஆழம் பத்தில் ஒரு பங்கு ஆனதால் ராலே எண் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆகிவிடுகிறது. ஆகவே ஏறத்தாழ 90 டிகிரி வேறுபாடு வேண்டும்! மிக மெல்லிய படலங்களில் மிதப்பு விசைக்கு வேலை செய்ய இடமே இல்லை. பெனாரின் படலமோ அதற்குத் தேவையானதைவிட மிகக் குறைந்த வேறுபாட்டிலேயே அறுகோணங்களைக் காட்டியது.

இன்னொரு தடயமும் இருந்தது. சூடான திரவம் மேலே ஏறும் கட்டத்தின் நடுப்பகுதி சற்றுக் குழிந்திருந்ததைப் பெனாரே கண்டிருந்தார். மிதப்பு விசை கீழிருந்து தள்ளுவதாக இருந்தால் நடுப்பகுதி மேடாக அல்லவா இருக்க வேண்டும்?

விடை மேற்பரப்பில் இருந்தது. திரவங்களின் பரப்பு இழுவிசை வெப்பநிலை ஏற ஏறக் குறைகிறது. மேற்பரப்பில் ஓரிடம் சற்றுச் சூடானால் அங்கே இழுவிசை குறையும். சுற்றியுள்ள குளிர்ந்த பரப்பு வலுவாக இழுக்கும். சூடான இடத்தின் திரவம் நாலாபக்கமும் விலகி ஓடும். காலியான இடத்தை நிரப்பக் கீழிருந்து மேலும் சூடான திரவம் வரும். ஆகவே அந்த இடம் இன்னும் சூடாகும், ஓட்டமும் தொடரும்.

1956-இல் பிளாக் என்பவர் இதற்குச் சான்று காட்டினார். அவர் திரவப் படலத்தின் மேற்பரப்பை மிக மெல்லிய சிலிக்கோன் ஏட்டால் மூடினார். சூடு அப்படியே இருக்க, ஓட்டம் நின்றுபோயிற்று. 1958-இல் பியர்சன் இதற்கான கணிதத்தைத் தந்தார். உலரும் பெயிண்டில் தோன்றும் கட்டங்களை அவர் எடுத்துக்காட்டினார். பூச்சின் திறந்த பரப்பு மேலே பார்த்தாலும் கீழே பார்த்தாலும் அதில் கட்டங்கள் உண்டாகின்றன. மிதப்பு விசைதான் காரணம் என்றால் கீழே தொங்கும் பூச்சில் அவை எப்படி வரும்?

1971-இல் அப்போலோ 14, 1972-இல் அப்போலோ 17 ஆகிய விண்கலங்களில் இந்தச் சோதனையைச் செய்து பார்த்தார்கள். எடையற்ற நிலையில் மிதப்பு விசை ஏறத்தாழ இல்லை. ஆனாலும் சூடான திரவப் படலத்தில் கட்டங்கள் தோன்றின!

இதில் நமக்குள்ள பாடம் என்ன? ராலேயின் சமன்பாடுகளில் தவறில்லை. திறந்த மேற்பரப்பில் திரவம் தடையின்றி வழுக்கும் என்று மட்டும் எழுதியதில், அங்கே செயல்படும் ஒரு விசை விடுபட்டுப் போயிற்று. ஓரத்தில் எழுதப்படாத அந்த ஒரு விசைதான் முழுக்கதைக்கும் காரணமாக இருந்தது. இன்று கணிப்பொறியில் பெனாரின் படலத்தைக் கணக்கிடுபவர் மேற்பரப்பின் நிபந்தனையில் பரப்பு இழுவிசையைச் சேர்க்காவிட்டால், எத்தனை வேகமான கணிப்பொறியாக இருந்தாலும் அந்த அறுகோணங்கள் வாரா.

திறந்தவெளியை எங்கே வெட்டுவது?

மூடிய பாத்திரத்துக்கு எல்லை தெளிவானது. தெருவில் நிற்கும் டிரான்ஸ்பார்மரைச் சுற்றியுள்ள காற்றுக்கு எல்லை எது? வானம் முழுவதையும் கணிப்பொறிக்குள் அடைக்க முடியாது. ஆகவே டிரான்ஸ்பார்மரைச் சுற்றி ஒரு கற்பனைப் பெட்டி வரைந்து, அதற்குள் உள்ள காற்றை மட்டும் கணக்கிடுகிறோம். இந்தப் பெட்டியின் பக்கங்கள் உண்மையில் இல்லாதவை. அங்கே என்ன சொல்வது என்பதுதான் சிக்கல்.

பக்கங்கள் திடமான சுவர் என்று சொன்னால், டிரான்ஸ்பார்மரை ஒரு மூடிய அறைக்குள் பூட்டிவிட்டோம். சூடான காற்று வெளியேற வழியில்லை. பக்கங்கள் வெப்பத்தைக் கடத்தாதவை என்றும் சொல்லிவிட்டால், வெப்பநிலை முடிவில்லாமல் ஏறிக்கொண்டே போகும். நிலையான விடையே கிடைக்காது.

எனவே பக்கங்களில் அழுத்தத்தைச் சொல்லி, காற்றுக்கு வழி திறந்துவிடுகிறோம். இங்கும் ஒரு குழி உண்டு. மேலேயும் கீழேயும் ஒரே அழுத்தம் என்று எழுதினால் என்ன ஆகும்? காற்றுக்கும் எடை உண்டு. ஒரு மீட்டர் உயரம் ஏறினால் காற்றழுத்தம் ஏறத்தாழ 12 பாஸ்கல் குறைகிறது. இந்த வேறுபாடுதான் காற்றைத் தாங்கி நிறுத்துகிறது. அதை நீக்கிவிட்டால் பெட்டியில் உள்ள காற்று முழுவதும் தாங்குவாரின்றிக் கீழே விழத் தொடங்கும்! சுற்றிலும் உள்ளதைவிட 20 டிகிரி சூடான ஒரு மீட்டர் உயரக் காற்றை மேலே தூக்கும் அழுத்தமோ ஒரு பாஸ்கலுக்கும் குறைவு. 12 பாஸ்கல் பிழைக்கு முன் அது எம்மாத்திரம்? ஆகவே காற்றின் எடையால் வரும் இயல்பான அழுத்தத்தை முதலிலேயே கழித்துவிட்டு, மிச்சமுள்ள அழுத்தத்தைப் பக்கங்களில் பூச்சியம் என்று கொடுப்பதே வழக்கம்.

அடுத்தது வெப்பநிலை. உள்ளே வரும் காற்று வெளிக்காற்றின் வெப்பநிலையோடு வரட்டும். வெளியே செல்லும் காற்று தான் பெற்ற வெப்பநிலையோடு செல்லட்டும். வெளியேறும் காற்றுக்கும் 30 டிகிரி என்று எழுதினால், சூடான காற்று வாசலில் திடீரென்று குளிர வேண்டியதாகிவிடும்.

பெட்டி எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்? அதற்கு எளிய தேர்வு ஒன்று உண்டு. பெட்டியை இரு மடங்காக்கி மறுபடியும் கணக்கிடுங்கள். விடை மாறாவிட்டால் முதல் பெட்டியே போதும். மாறினால், ஓரம் விடையைத் தொட்டுக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

வேலையைக் குறைக்கச் சிலர் பாதிப் பெட்டியை மட்டும் கணக்கிடுவார்கள். வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒன்றேதானே என்பது அவர்கள் வாதம். ஊதுபத்திப் புகையைக் கவனியுங்கள். சிறிது தூரம் நேராக ஏறி, பிறகு வலமும் இடமுமாக நெளிந்து ஆடுகிறது. நடுவில் கண்ணாடி வைத்தாற்போல் பாதியாக வெட்டிவிட்டால் அந்த ஆட்டம் கணக்கில் ஒருபோதும் தோன்றாது. அதற்கு நாமே தடை போட்டுவிட்டோம்.

மறந்துபோகும் கதிர்வீச்சு

இயற்கை வெப்பச்சலனம் மென்மையானது. காற்றில் அதன் மூலம் ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து, ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும், ஏறத்தாழ 5 வாட் வெப்பமே வெளியேறும். பெயிண்ட் அடித்த பரப்பு அதே அளவு வேறுபாட்டில் கதிர்வீச்சாலும் 5 முதல் 6 வாட் வரை இழக்கிறது. கதிர்வீச்சை எல்லை நிபந்தனையில் சேர்க்காவிட்டால் ஏறத்தாழ பாதி வெப்பம் கணக்கிலிருந்து காணாமல் போகும்! பளபளப்பான உலோகப் பரப்பில் கதிர்வீச்சு மிகக் குறைவு. அங்கே அதை விட்டுவிடலாம்.

டிரான்ஸ்பார்மர் துடுப்புகளில் இன்னொரு நுட்பமும் உண்டு. அடுத்தடுத்த துடுப்புகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருப்பதால், ஒன்று வீசும் கதிரை மற்றொன்று வாங்கிக்கொள்கிறது. திறந்தவெளியைப் பார்க்கும் வெளிப்புறம் மட்டுமே கதிர்வீச்சால் உண்மையில் குளிர்கிறது. நண்பகலில் அந்த வெளிப்புறத்தின் மீதே வெயிலும் விழுகிறது. இவை எல்லாம் ஓரத்தைப் பற்றிய செய்திகளே.

சரிதானா என்று எப்படி அறிவது?

கணிப்பொறி தந்த விடையைச் சோதிக்க உலகெங்கும் பயன்படும் ஒரு மாதிரிக் கணக்கு உண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கிரகாம் டி வால் டேவிஸ் 1983-இல் அதற்கான துல்லியமான விடைகளை வெளியிட்டார். காற்று நிறைந்த ஒரு சதுரப் பெட்டி. இடச்சுவர் ஒரே சீராகச் சூடு. வலச்சுவர் ஒரே சீராகக் குளிர். மேலும் கீழும் வெப்பம் கடத்தாதவை. நான்கு சுவரிலும் காற்று ஒட்டி நிற்கும். காற்று அசையாமல் இருந்தால் கடக்கும் வெப்பத்தைப்போல் எத்தனை மடங்கு வெப்பம் இப்போது கடக்கிறது? அவர் தந்த விடைகள் இவை:

ராலே எண் 1,000 — 1.118 மடங்கு
ராலே எண் 10,000 — 2.243 மடங்கு
ராலே எண் 1,00,000 — 4.519 மடங்கு
ராலே எண் 10,00,000 — 8.800 மடங்கு

புதிதாகக் கணிப்பொறி நிரல் எழுதுபவர்கள் முதலில் இந்த எண்களைப் பெற முடிகிறதா என்று பார்க்கிறார்கள். ஆனால் இந்தப் பெட்டியைச் சோதனைச்சாலையில் அப்படியே செய்வது கடினம். காற்றே வெப்பத்தை அரிதாகக் கடத்துவது. அதைவிடக் குறைவாகக் கடத்தும் மூடியும் அடித்தளமும் எங்கே கிடைக்கும்? காகிதத்தில் ‘வெப்பம் கடத்தாது’ என்று எழுதுவது ஒரு நொடி வேலை; உண்மைச் சுவர் அப்படி நடந்துகொள்ளாது. சோதனையும் கணக்கும் ஒத்துப்போகாதபோது முதலில் சந்தேகிக்க வேண்டிய இடங்களில் ஓரமும் ஒன்று.

மற்றொரு சோதனை எல்லாக் கணக்குக்கும் பொருந்தும். உள்ளே வந்த வெப்பத்தைக் கூட்டுங்கள். வெளியே சென்றதைக் கூட்டுங்கள். நிலையான ஓட்டத்தில் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். மேலும் ஓர் எச்சரிக்கை: எல்லா ஓரங்களிலும் வெப்பப் பாய்வை மட்டுமே கொடுத்து எங்கும் ஒரு வெப்பநிலையையும் சொல்லாவிட்டால், வரவும் செலவும் சமமாக இருந்தாலும், எண்ணெய் 40 டிகிரியில் இருக்கிறதா 80 டிகிரியில் இருக்கிறதா என்று கணிப்பொறியால் சொல்ல முடியாது. வெளியுலகோடு அதை இணைக்கும் ஓர் இடமாவது வேண்டும்.

சிந்தித்துப் பாருங்கள்

கீழே உள்ள ஒவ்வொன்றிலும் ஓரத்தில் இயற்கை எதைப் பிடித்து வைத்திருக்கிறது என்று சொல்லுங்கள்.

1. பனிக்கட்டி மிதக்கும் நீரில் நிறுத்திய பால் டம்ளர். டம்ளரின் சுவருக்கு எந்த விதம் பொருந்தும்? பாலின் மேற்பரப்புக்கு?

2. சுவரை ஒட்டி நிறுத்திய குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கக் கம்பிகள். சுவரை இன்னும் நெருக்கமாக வைத்தால் எந்த எல்லை மாறுகிறது?

3. மூடியில்லாத பாத்திரத்தில் ஆறும் வெந்நீர். மேற்பரப்பிலிருந்து வெப்பம் எத்தனை வழிகளில் வெளியேறுகிறது? அவற்றில் ஒன்றை விட்டுவிட்டால் எது மிகப் பெரிய பிழையைத் தரும்?

மூன்றாவது கேள்விக்கு ஒரு குறிப்பு: அதே வெந்நீரின் மேல் சில சொட்டு எண்ணெயை ஊற்றிப் படலமாகப் பரவவிட்டு, எண்ணெய் இல்லாத இன்னொரு பாத்திரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எது விரைவில் ஆறுகிறது என்று வெப்பமானியே சொல்லிவிடும்.